ஸாமோக்காரி வராத சாவு

காயா நகரத்தில் ஓதில் பாரேயின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. காலையில் லாரி நிலையத்தை ஒட்டிக் காராமணி வடை போடுவாள். வடை வாங்க வருகிற மோஸி ஆண்களை "வாடா என் அடிமை" என்றுதான் கூப்பிடுவாள். அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "நாய்த்தலை தின்னி, இன்னிக்கு எண்ணெயில எதப் போட்டுப் பொரிக்கிற?" என்பார்கள். ஸாமோ இனத்துக்கும் மோஸி இனத்துக்கும் மாமன் மச்சான் கேலி மாதிரி ஓர் உறவு, தலைமுறை தலைமுறையாக. என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டவனை ஊரே உட்கார வைத்துச் சிரிக்கும்.

மத்தியானம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும் ஊர்க் கோடிக்குப் போவாள். வடக்கே துப்பாக்கிக்காரர்கள் கிராமங்களை எரித்தபோது தப்பி வந்தவர்கள் அங்கே தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் அந்தப் பெண்களுக்குச் சுரைக்குடுக்கை மேளமும், இடுப்பைக் குலுக்கி ஆடும் வார்பா ஆட்டமும் சொல்லிக்கொடுத்தாள். வார்பா மோஸிகளின் சொந்த ஆட்டம். இளவயதில் நகரத்து ஆட்டக்குழுவில் ஆடிப் பரிசு வாங்கியவள் ஓதில் என்றாலும், ஒரு ஸாமோக்காரி வந்தா நமக்குச் சொல்லித்தருவது என்று பெண்கள் முதல் நாளே சிரித்தார்கள்.

"ஓடி வர்ற வழியில உங்க ஆட்டத்தத் தொலைச்சுட்டு வந்தீங்க. நான் பொறுக்கி வெச்சிருக்கேன். வேணும்னா கெஞ்சி வாங்கிக்கோங்க" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மரத்தடி பலருக்கு உயிர் கொடுத்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஒருத்தி, இப்போது தாளம் தவறாமல் குடுக்கை அடித்தாள். பிள்ளைகளோடு வந்திருந்த திபோக்கோ மட்டும் குடுக்கையை மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். புருஷன் கூக்காவைச் சுட்டுக் கொன்றதைக் கொழுந்தன் ரஸ்மானே கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னான். தொழுகையும் வைத்தார்கள். அவள் நம்பவில்லை. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. அடுத்த மழைக்கு இருக்க மாட்டாள் என்று பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

ஒரு நாள் ஓதில் வழக்கம்போல வம்புக்கு இழுத்தாள். "என்னடி அடிமை, மோஸி விரலுக்கு மேளம் அடிக்கக்கூட வராதா?"

திபோக்கோ நிமிர்ந்தாள். "நீ பேசாத. என் புருஷன் சாவுக்கு ஒரு ஸாமோ வந்தீங்களா? அவர் குழியில ஒருத்தன் படுத்து மறிச்சானா? அவர் சட்டையப் போட்டு ஒருத்தி நடந்து காட்டினாளா? யாருமே வரல. அப்புறம் எப்படி அது சாவு?"

ஓதிலுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. மோஸி வீட்டுச் சாவுக்குக் கேலி பண்ணப் போகாத ஸாமோவை விடக் கேவலமானவர் உண்டா? செத்தவனைப் போல் நடந்து, பேசி, குழியில் படுத்துக்கொண்டு கோழி கேட்டு ரகளை பண்ணினால்தான் அழுகிறவர்களுக்கும் மூச்சு வரும். அன்றைக்கே முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை கூக்காவுக்குச் சாவுக் கூத்து.

ரஸ்மானே கொதித்துப்போனான். "பொணம் இல்ல, குழி இல்ல. எதுக்கு நடுவுல நீ ஆடப்போற? எங்க மானத்த வாங்காத. மேளத்தத் தூக்கிட்டு நடையக் கட்டு."

"பொணம் அங்க கிடக்கு, சரி. பொண்டாட்டி இங்கதான கிடக்கா? அவளையும் பொணமாப் பாக்கணுமா உனக்கு? உன்னால ஆனதப் பாரு. வெள்ளிக்கிழமை நான் வருவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கூக்காவை அவள் பார்த்ததே இல்லை. பெண்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தாள். ஆட்டு வியாபாரி, விலை பேசும்போது காதைச் சொறிவான், பொய் சொன்னால் இருமுவான். நடையை மட்டும் யாருக்கும் சரியாகக் காட்டத் தெரியவில்லை. வியாழக்கிழமை காலையில் ரஸ்மானே வடைச் சட்டி முன்னால் வந்து நின்றான். வடை வேண்டும் என்று சொல்லவில்லை. எதிரே நின்று, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஓதில் தன் புருஷனின் நீளச் சட்டையும் குல்லாவும் போட்டுக்கொண்டு வந்தாள். காலை இழுத்தாள், காதைச் சொறிந்தாள், இல்லாத ஆட்டுக்கு விலை பேசி இருமினாள். குடுக்கைகள் முழங்கின. கூக்காவின் ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள், சிரிக்கும்போதே அழுதார்கள். கடைசியில் மரத்தடியில் மல்லாந்து படுத்தாள். "கோழி குடுத்தாத்தான் எந்திரிப்பேன். இல்லாட்டி என்னையும் சேத்துப் பொதைங்க."

திபோக்கோ குடுக்கையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கால் இல்ல" என்றாள். "அவருக்கு வலது கால்தான் இழுக்கும்."

மேளம் நின்றுபோனது. ஓதிலுக்குத் தப்பு உடனே புரிந்தது. ரஸ்மானே எதிரே நின்று காட்டினான், அவள் பார்த்தபடியே செய்தாள். எதிரில் நின்று ஆட்டம் சொல்லித்தருகிற பழக்கம், இடதும் வலதும் மாறிப்போயிற்று. ஒப்புக்கொள்வாளா? படுத்தபடியே, "வாய் கிழியுதே, நீதான் நடந்து காட்டேன்" என்றாள்.

திபோக்கோ குனிந்து அவள் தலையிலிருந்த குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நடந்தாள். வலது கால் கொஞ்சம் பின்தங்கி வந்தது, தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் ஊர்க்காரர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்தவனின் வேஷம் போட்டவளை அவனாகவே நினைத்துத்தான் கூப்பிட வேண்டும். கூட்டத்தின் பின்னாலிருந்து ரஸ்மானேதான் வந்தான்.

"அண்ணே" என்றான். "உன் மேல ஒரு பிடி மண்ணுகூடப் போடாம ஓடி வந்துட்டேன்."

திபோக்கோ காதைச் சொறிந்தாள். கூக்காவின் கனத்த குரலில் பேசினாள். "நீ ஓடி வந்ததுனாலதான்டா என் பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிட்டு வர ஒரு ஆம்பள இருந்தான். நான் கிடந்த எடத்துலயே கிடக்கேன். என்னைத் தேடாதீங்க."

அப்புறம் குல்லாவைக் கழற்றினாள். அதைப் பார்த்துக்கொண்டே தன் சொந்தக் குரலில், "என் புருஷன் செத்துட்டார்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை யாரும் தடுக்கவில்லை. ஓதில் எழுந்து உட்கார்ந்து, அந்த அழுகைக்குக் குடுக்கை அடித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் யாரோ சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது போலச் சோளக்களியும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். திபோக்கோ கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.