அது செத்த வயர்தானே?

மாரி, கார்த்தி... இந்த வாரம் உங்கள் ரெண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்ற பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் படிக்கலாம். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் இதே கதை தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாரி துணி காயப்போட மாடிக்குப் போனாள். வாளியில் முதலில் இருந்தது என் கம்பெனிச் சட்டை. வெடிமருந்து வாடை போக அதை ரெண்டு தண்ணீர் கூடுதலாக அலச வேண்டும். சொட்டச் சொட்ட எடுத்து, மாடிக்குக் குறுக்கே போகிற கறுப்புக் கேபிள் வயர்மேல் போட்டாள். அடுத்த நொடி, "அப்பா!" என்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்க்கிறேன்... வாளி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நல்ல வேளை, கரண்ட் பிடித்து வைத்துக்கொள்ளாமல் தூக்கி எறிந்துவிட்டது. உள்ளங்கையில் மட்டும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

எழுந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அது செத்த வயருன்னுதானப்பா சொன்னீக?"

ஆமாம். சொன்னேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நாம் டிஷ்ஷுக்கு மாறியபோது பழைய கேபிளை யாரும் வந்து கழற்றவில்லை. "சும்மாதான கெடக்கு? கயிறு மாதிரி இத்துப்போகாது. எம்புட்டு ஈரத்துணி போட்டாலும் தொய்யாது" என்று உங்கள் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லி, அதைத் துணிக்கொடி ஆக்கினது நானேதான்.

தொய்யாது என்று நான் சொன்ன அந்த வயர், போன வாரம் அடித்த காற்றில் தெருமுனைப் போஸ்ட் பக்கம் தொய்ந்து, கரண்ட் கம்பிமேல் சாய்ந்துவிட்டது. கேபிளைத் தாங்குவதற்கென்று கூடவே ஓர் இரும்புக் கம்பியை முறுக்கியிருப்பார்கள் இல்லையா? அது வழியாகத்தான் கரண்ட் நம் மாடிவரைக்கும் வந்திருக்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறவன்? புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து ரூமுக்குள் நுழைகிற யாரும் வாசலில் இருக்கிற செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கிற துளிக் கரண்ட்கூட மண்ணுக்குப் போய்விட வேண்டும், அதற்காக. ரூமுக்குள் ஒரு வயர் கிடையாது, ஒரு ஸ்விட்ச் கிடையாது. யாராவது மறந்து காலை வைத்தால், "ஏலே, தகட்டத் தொட்டியாலே?" என்று கத்துகிற ஆள் நான்.

அந்த ஆள்தான் வீட்டில், பெற்ற பிள்ளை கையில் ஈரத்துணியைக் கொடுத்து, எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றே தெரியாத வயரைக் காட்டியிருக்கிறேன்!

சரி, வயருக்குச் சொந்தக்காரன் யார்? இப்போது கேபிள் நடத்துகிறவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, அது எனக்கு முந்தி நடத்துனவரு போட்டதுல்ல? நான் கனெக்‌ஷனத்தான வாங்குனேன், வயர வாங்கலையே!"

முந்தி நடத்தினவர் இப்போது சிவகாசியில் காலண்டர் வியாபாரம். அவரையும் பிடித்தேன்.

"அடடா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்ல அண்ணாச்சி? நான் தொழிலையே வித்துட்டேனே. தொழில வித்தா வயரும் அதுக்குள்ளதான அடக்கம்? ஆமா... உங்க கம்பெனியில இந்த வருசம் காலண்டர் ஆர்டர் யாருக்குக் குடுத்துருக்காக?"

போனை வைத்துவிட்டேன். வைக்காமல் என்ன செய்ய? என் பிள்ளை கையில் கோடு... இந்த ஆளுக்கு ஆர்டர்!

உங்கள் அம்மாதான் பொரிந்து தள்ளினாள். "கனெக்‌ஷன் குடுக்க வந்த அன்னைக்கு விடியுமுன்ன ஏணியோட வந்து நின்னாக. கேட்டு வாங்கிக் காப்பி குடிச்சாக. கழட்டுறதுக்கு மட்டும் ஏணி இல்லையாக்கும்?"

நியாயமான கேள்வி. போடுவதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எடுப்பதற்கு ஒருத்தர்கூட இல்லையே, ஏன்?

கடைசியில் வந்தது ஒரு லைன்மேன் தம்பி. கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போஸ்ட்டில் ஏறினார். நம் வீட்டுக்கு மேலே இருந்து மட்டும் மூணு கேபிள் வயர், நாம் எப்போதோ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த டெலிபோன் வயர் ஒன்று... எல்லாம் சுருள் சுருளாகக் கீழே விழுந்தன. மருந்து போட்ட கையோடு மாரியும், அவளுக்குத் துணையாகக் கார்த்தியும் கீழே வீட்டுக்குள் இருந்தீர்கள். அதனால் அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியாது.

"இந்த வெள்ளை வயரு யாருது அண்ணாச்சி?" என்று லைன்மேன் கேட்டார். "பக்கத்து வீட்டுச் சொவரு வழியா கோயிலுக்குப் போகுது. போஸ்ட்டு மேல கெடந்தத எடுத்துத் தள்ளிப் போட்டுருக்கேன். ஆனா இன்னொரு காத்து அடிச்சா இதே கததான்."

பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு டியூப் லைட் கட்ட, நம் வீட்டிலிருந்து கோயில்வரைக்கும் இழுத்த வயர். கோயில் கமிட்டியில் லைட் பொறுப்பு யார்? நான்தான். பொங்கல் முடிந்ததும் லைட்டைக் கழற்றினோம். வயரை மட்டும், அடுத்த பொங்கலுக்கு ஆகுமே என்று விட்டேன். அடுத்த பொங்கலுக்கு ஜெனரேட்டரோடு லைட் செட்டுக்காரரே வந்துவிட்டார்.

லைன்மேனிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெரியலையே தம்பி. யாரோ போட்டிருப்பாக."

உங்கள் அம்மாவோடு சேர்ந்து கேபிள்காரர்கள் ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அதாவது, உங்கள் முத்துலட்சுமி அத்தை வீட்டுக்கு. அவள் என் கம்பெனியிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். "ஒங்க மாடியில என் வயரு ஒண்ணு கெடக்கு முத்துலட்சுமி. எடுத்துக்கிறேன்" என்றேன்.

"இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?" என்று சிரித்தாள். "லைட்டு எரிஞ்சது மூணு நாளு. எஞ் சொவத்துல ஆணி இருக்குறது நாலு வருசம். மழை பேஞ்சா அந்த ஓட்டை வழியாத்தான் அண்ணாச்சி தண்ணி எறங்குது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"போர்மேன்கிட்ட எப்பிடிச் சொல்ல?"

பிள்ளைகளே, ரெண்டு விஷயம். செத்த வயர் என்று ஒன்று கிடையாது. தொங்குகிற எதையும் தொடாதீர்கள், நானே சொன்னாலும். அப்புறம், உங்கள் பொருளால் அடுத்தவர் வீட்டில் தண்ணீர் இறங்கினால், அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிலரால் சொல்ல முடியாது.

முத்துலட்சுமி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் தனியாக மாடி ஏறினேன். முதலில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். கரண்ட் இல்லை. வயரை இழுத்துச் சுருட்டினேன். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கொஞ்சம் சிமெண்ட் குழைத்து எல்லா ஓட்டையையும் அடைத்தேன். கையைக் கழுவிவிட்டு லைன்மேனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்த வெள்ளை வயரு என்னுதுதான். எடுத்துட்டேன்."

"எந்த வயரு அண்ணாச்சி?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை.