ரத்த வளையம்

அவரை எல்லோரும் லைட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். கோழிக்குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் அவர் செய்தது ஒரே வேலை. இருட்டறையில் உட்கார்ந்து, தகரக் குழலுக்குள் எரியும் விளக்கின் வாயில் முட்டையை வைத்து, உள்ளே உயிர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. மணிக்கு ஆயிரத்து நூறு முட்டைகள். ஆண்டுக்கு நான்கு முறை நான் சோதித்ததில் அவருடைய தவறு ஆயிரத்துக்கு மூன்றைத் தாண்டியதில்லை. வெப்பம், ஈரம், அடைக்கு வைத்த முட்டை, பொரித்த குஞ்சு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. இதை நினைவிலிருந்து எழுதவில்லை. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஏழாம் நாள் விளக்கில் முட்டை மூன்று விதமாகத் தெரியும். சிலந்தி கால் பரப்பியதுபோல் நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமில்லாமல் வெளிச்சம் அப்படியே கடந்து வந்தால் கூமுட்டை. மெல்லிய சிவப்புக் கோடு வட்டமாக நின்றால் அதற்கு ரத்த வளையம் என்று பெயர். உயிர் பிடித்து, இடையில் செத்துவிட்டது என்று பொருள். அந்த முட்டையின்மேல் லைட்டு பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவார். அதை மறுபடி அடைக்கு வைப்பதில்லை. "வளையம் விழுந்தா விழுந்ததுதான்" என்பார். இந்த வார்த்தையை மறந்துவிடக் கூடாது.

அவருடைய ஐம்பத்து நான்காம் வயதில் மனைவி இறந்தார். அதுவரை அவர் அடுப்பங்கரைப் பக்கம் போனது தீப்பெட்டி எடுக்க மட்டும்தான். அடுத்த நான்கு மாதம் ரொட்டியும் அக்கம்பக்கத்தார் கொடுத்த குழம்பும் தேநீருமாக ஓட்டினார். ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த மகள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வாரம் தவறாமல் நச்சரித்தாள்.

"போனா என்ன லைட்டு? மக கையால சாப்பிடலாம்" என்றார் வண்டிக்காரர், ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில். குஞ்சுப் பெட்டிகளை வண்டியில் கொண்டுபோகிறவர் அவர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"அங்க எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். எதிர்ல ஒரு டிவி இருக்கும். வேலை இருக்காது. அது நமக்கு ஆகாதுப்பா."

"அப்ப சோத்துக்கு?"

லைட்டு சட்டைப் பையிலிருந்து ஒரு அவித்த முட்டையை எடுத்து மேசைமேல் உருட்டினார். அளவில் சிறுத்தவை, கோணலானவை, இரட்டைக் கருவுள்ளவை அடைக்கு உதவாது. அவற்றை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

"இதுக்குள்ள என்ன இருக்கு சொல்லு? வெளியிலிருந்து ஒரு பருக்கை உள்ள போறதில்ல. ஆனா இருபத்தோரு நாள்ல கண்ணு, எலும்பு, ரத்தம், நகம் எல்லாத்தோடயும் ஒரு உசுரு வெளிய வருது. ஒரு உசுருக்கு வேணுங்கிறது அத்தனையும் இதுக்குள்ள இருக்கா இல்லையா? அப்புறம் எனக்கு என்னத்துக்குப் பத்துப் பாத்திரம்?"

"நூறு நாள் இதையே தின்னு பாரு. அப்புறம் நீ பேச மாட்ட, கொக்கரிப்ப!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உண்மையில் அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இருபத்தோரு நாள் கணக்கை நானே எத்தனை ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன்!

விளையாட்டுக்குச் சொன்ன நூறை அவர் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் மகள் நேரிலேயே வந்தபோது, என் மேசைக்கு எதிரில் நின்று ஒப்பந்தம் பேசினார்.

"நூறு நாள் இந்த முட்டையை மட்டும் சாப்பிட்டு, யார் தயவும் இல்லாம நான் நல்லா இருந்து காட்டுறேன். அதுக்கப்புறம் வீட்டைப் பூட்டுற பேச்சை நீ எடுக்கக் கூடாது."

"நடுவுல உடம்புக்கு ஏதாவது வந்தா?"

"வந்தா மறுபேச்சு இல்ல. சாவி உன் கையில."

மகள் என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, அப்பா பிடிச்ச முயலுக்கு மூணு கால்னுதான் சொல்லுவாரு. நீங்க அப்படி இல்ல. தினமும் பார்த்து எழுதி வைங்க. என்ன சாப்பிட்டாரு, எப்படி இருக்காரு, எல்லாம். நான் முப்பது நாளுக்கு ஒரு தடவை வந்து பார்ப்பேன்."

அன்றே தனி நோட்டு ஒன்றில் நான்கு பத்திகள் கோடு போட்டேன். நாள், முட்டை, எடை, குறிப்பு. தினமும் காலை ஏழரைக்குத் தீவனத் தராசில் அவரை ஏற்றி எடை பார்ப்பேன். முதல் நாள்: முட்டை பதினைந்து, எடை அறுபத்தொன்று புள்ளி நான்கு, குறிப்பு 'நலம்'. முட்டையைத் தவிர உப்பு, தண்ணீர், பால் இல்லாத தேநீர் மட்டும்.

முப்பதாம் நாள் மகள் வந்து படித்துவிட்டுப் போனாள். முப்பத்தெட்டாம் நாள் குறிப்பு: 'படியேறும்போது நடுவில் நின்றார்.' நாற்பத்தாறு: 'கால் வலி என்கிறார். வெயில் காரணம் என்கிறார்.' ஐம்பத்து மூன்று: 'கோபம். தட்டை ஓங்கி வைத்தார்.' அவர் கோபப்பட்டு நான் முப்பத்தோரு ஆண்டுகளில் பார்த்ததில்லை. அதையும் எழுதினேன். எழுதினேனே தவிர, ஒன்றையொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு வரியை எழுதி முடித்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான்.

ஐம்பத்தெட்டாம் நாள் காலை, எண்ணிக்கைச் சீட்டு வாங்க இருட்டறைக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிரில் முட்டைத் தட்டு தொடப்படாமல் இருந்தது. லைட்டு கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, விளக்கின் வாயைத் தன் கெண்டைக்காலுக்குத் திருப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் துணியைக் கீழே இழுத்தார்.

"என்னப்பா?"

"எறும்பு கடிச்சுது அண்ணே."

'எறும்புக்கடி' என்று எழுதினேன்.

அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அறுபதாம் நாள் மகள் வந்தபோது வாசல்வரை நடந்துபோய்ச் சிரித்துப் பேசி அனுப்பினார். திரும்பி வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசை நடுங்கி மசிக்கூடு ஆடியது. வண்டிக்காரர் ஒரு ஆரஞ்சை உரித்து நீட்டினார்.

"பந்தயம் கிடக்கட்டும்பா. ஒரு சுளை வாய்ல போடு. யாரும் பார்க்கல."

"கணக்கண்ணன் பார்க்கிறாரே" என்றார் லைட்டு. சுளையைத் தொடவில்லை. நான் பேனாவை மூடியிருந்தால் எடுத்திருப்பாரா என்று இன்றுவரை தெரியாது.

எழுபத்தொன்றாம் நாள் கைகழுவும் தொட்டியில் அவர் வாய் கொப்பளித்ததை நான் பார்த்தேன். தண்ணீர் சிவப்பாகச் சுழன்று இறங்கியது. நிமிர்ந்தார். ஈறுகள் பற்களுக்கு மேலே பஞ்சுபோல் உப்பி, கறுத்த ஊதா நிறத்தில் இருந்தன.

"அண்ணே, இதை எழுதாதீங்க."

"எழுதாம எப்படி?"

"இன்னும் இருபத்தொம்பது நாள். இத்தனை வருஷப் பழக்கத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. என் வீட்ல இருந்து என்னைக் கிளப்பிடாதீங்க."

அன்று நான் செய்ததற்கு மன்னிப்புக் கிடையாது. 'நலம்' என்று எழுதினால் பொய். 'ரத்தம்' என்று எழுதினால் துரோகம். குறிப்புப் பத்தியை வெறுமையாக விட்டேன். மறுநாளும் விட்டேன். உண்மையும் எழுதவில்லை, பொய்யும் எழுதவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எடை மட்டும் எழுதினேன். ஐம்பத்தாறு புள்ளி எட்டு. ஐம்பத்தாறு புள்ளி இரண்டு.

எண்பத்து நான்காம் நாள் அவருடைய இடது முழங்கையின் கீழே சட்டை நனைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது எனக்குத் தெரியும். பொரிப்பு எந்திரத்தின் விசிறி வெட்டிய காயம் அது. ஏழு தையல் போட்டு, பன்னிரண்டு நாளில் ஆறியது. விபத்துப் பதிவேட்டில் தேதியோடு நானே எழுதியிருக்கிறேன். ஆறி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அந்தத் தழும்பு நேற்று வெட்டியதுபோல் வாய் பிளந்திருந்தது. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

"இடிச்சுக்கிட்டியா?"

"இல்லண்ணே. தானா திறந்துச்சு."

அவர் குரலில் பயம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு விளக்குக்குத் திரும்பினார். அன்று அவர் ஒதுக்கிய முட்டைகளில் பதினோரு நல்ல முட்டைகள் இருந்தன. பதினொன்றின்மேலும் பெருக்கல் குறி.

தொண்ணூறாம் நாள் காலை மகள் வந்தாள். நோட்டை நின்றபடியே புரட்டினாள். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றது.

"பெரியப்பா, இது என்ன? எழுபதுக்கு அப்புறம் குறிப்பே இல்ல?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"தராசுக்குத் துரு பிடிச்சா அதையும் எழுதுற ஆள் நீங்க. இருபது நாள் வெறுமையா விட்டிருக்கீங்க. அப்பாவுக்கு என்ன?"

வாய் திறந்தால் அவர் கேட்டுக்கொண்டதை மீற வேண்டும். இருட்டறைப் பக்கம் கையை மட்டும் காட்டினேன். அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பெரிய விளக்கைப் போட்டாள். அந்த அறையில் வேலை நேரத்தில் வெளிச்சம் போட்டது அன்றுதான். லைட்டு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். கைத்துணியில் பழைய ரத்தமும் புது ரத்தமும் வேறு வேறு நிறத்தில் தெரிந்தன.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. இன்னும் பத்தே நாள்."

"எழுந்து நடந்து காட்டுங்க."

எழுந்தார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடிக்குக் கால் இல்லை.

வண்டிக்காரர் குஞ்சுப் பெட்டிகளை இறக்கிவிட்டு அவரை ஏற்றினார். மருத்துவமனையில் டாக்டரம்மா ஈறை விரலால் தொட்டார், காலைத் திருப்பிப் பார்த்தார்.

"தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

"முட்டை."

"கூட?"

"டீ."

"எத்தனை நாளா?"

நான் நோட்டை நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கடைசிப் பக்கங்களில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "களைப்பு, கால்வலி, கோபம். வரிசை மாறாம எழுதியிருக்கீங்க. முக்கியமான இடத்துல கைக்கு என்ன ஆச்சு?"

பழங்களிலும் காய்களிலும் இருக்கும் ஒரு சத்து முட்டையில் துளியும் இல்லை என்றார் அவர். அது இல்லாவிட்டால் உடம்பின் தையல் பிரிந்துவிடும். ஆறிய காயம்கூட நாள்தோறும் அந்தச் சத்தைக் கொண்டுதான் மூடியிருக்கிறதாம்.

"அப்ப குஞ்சு?" என்றார் லைட்டு. பேசும்போது ஒரு பல் ஆடியது தெரிந்தது. "குஞ்சு அதுக்குள்ளேதானே உண்டாகுது?"

"குஞ்சு அந்தச் சத்தைத் தானே செஞ்சுக்கும். மனுஷ உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. முட்டையில எல்லாம் இருக்குங்க. கோழிக்கு."

"ஒரே சாப்பாடுன்னு மனுஷனுக்கு எதுவுமே இல்லையா டாக்டர்?" என்று கேட்டது வண்டிக்காரர்.

"இருக்கு. தாய்ப்பால். பிறந்த குழந்தைக்கு, அதுவும் ஆறு மாசம்."

பிறகு அவர் லைட்டின் கால்சட்டையைச் சுருட்டி எங்களுக்குக் காட்டினார். கெண்டைக்கால் முழுவதும், ஒவ்வொரு ரோமத்தைச் சுற்றியும், மெல்லிய சிவப்பு வட்டம். எண்ண முடியாது. எறும்புக்கடி என்று நான் எழுதியது இதைத்தான்.

"இதைப் பார்த்ததுமே வந்திருக்கலாமே? எப்ப பார்த்தீங்க?"

"அம்பத்தெட்டாம் நாள்" என்றார் லைட்டு. "பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு டாக்டர். வளையம் விழுந்துட்டுது. அப்புறம் என்ன பண்ணியும் புண்ணியமில்ல. உள்ள செத்தாச்சு. மிச்ச நாளையாவது என் வீட்ல இருந்து முடிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் வண்டிக்காரருக்கும் புரிந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் ஆயிரத்துக்கு மூன்று தவறு மட்டும் செய்த மனிதர், தன் காலை விளக்கில் பார்த்துத் தனக்கே பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருக்கிறார். இனி மருந்தில்லை என்று முடிவுகட்டிய அன்றிலிருந்து, நாளுக்கு ஒரு ஆரஞ்சு போதுமானதாக இருந்திருக்கும். அறுபதாம் நாள் அந்தச் சுளை அவர் முகத்துக்கு எதிரில்தான் நீட்டப்பட்டது.

மாத்திரையும் பழச்சாறும் கொடுத்தார்கள். நான்காம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. பதினாறாம் நாள் தழும்பு மூடியது. விழுந்த மூன்று பற்கள் விழுந்தவைதான். ஒப்பந்தப்படி சாவி மகள் கைக்குப் போனது. அவர் வாதாடவில்லை.

புறப்படும் நாளில் பொரிப்பகத்துக்கு வந்தார். வெளியே மகள் காரில் காத்திருந்தாள். இருட்டறைக்குள் போய் விளக்கைப் போட்டுக் காலைக் காட்டினார். வட்டங்கள் ஒன்றுகூட இல்லை.

"அண்ணே, அழிஞ்ச வளையத்தை நான் பார்த்ததே இல்ல" என்றார். அடுத்த நிமிடம் அவர் முகம் மாறியது. ஓரமாக அடுக்கியிருந்த ஒதுக்கிய தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷமா நான் தள்ளினதுல..."

"அது முட்டை. நீ மனுஷன்" என்றேன்.

"தெரியும்." ஆனாலும் ஒரு தட்டிலிருந்து பெருக்கல் குறி போட்ட முட்டை ஒன்றை எடுத்து விளக்கில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வளையம் அப்படியே இருந்தது. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

வெளியே கார் ஒலி எழுப்பியது. அவர் நிறுத்தவில்லை. மொத்தம் நாற்பத்திரண்டு முட்டைகளைப் பார்த்தார். நாற்பத்திரண்டிலும் வளையம் இருந்தது. அதன் பிறகுதான் விளக்கை அணைத்தார்.