எழுத்தில்லாத காகித மீன்

அந்த நீல மீனை வெட்டியது நான்தான். வால் கொஞ்சம் கோணல். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டாவில் நான் வேலை பார்த்த முன்பள்ளியில், மீனுக்கு அவரவர் வீட்டு மொழியில் உள்ள சொல்லைக் காகித மீனில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னோம். எங்கள் பொறுப்பாளர் மட்டும் தன் நீல மீனை வெறுமையாக ஒட்டிவிட்டு, "நோர்வேச் சொல்லுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்று சிரித்தார். நாட்டின் வட கோடியிலிருந்து வந்த பெண் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நாங்கள் அறிந்தது எதுவுமில்லை. வாயாடியான என்னாலேயே ஒன்றும் பிடுங்க முடியாத அழுத்தக்காரர்.

ஒரு பின்னேரம், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒரு பிள்ளையின் ஹங்கேரியத் தாயும் இன்னொரு பிள்ளையின் பின்லாந்துத் தகப்பனும் சுவரைப் பார்த்துப் மகிழ்ச்சிப் புளுகத்தில் துள்ளாத குறை. அவள் 'ஹல்' என்று எழுதியிருந்தாள், அவர் 'கலா' என்று. இரண்டு மொழியும் ஒரே குடும்பம், முன்னோர் ஒரு காலத்தில் ஊரல் மலைப் பக்கம் ஒன்றாக இருந்து பிரிந்தவர்கள் என்று சொல்வார்கள் என அந்தத் தகப்பன் எனக்கு விளக்கினார். "நோர்வே மொழி எங்கள் மொழிகளுக்குச் சொந்தமில்லை, அது வேறு குடும்பம்."

"குவொல்லி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பொறுப்பாளர்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. அவர் வடக்கின் பழங்குடியான சாமி இனத்தவர். அவர்கள் மொழியும் அதே குடும்பம்; மீனுக்கு அவர்களின் சொல் அது.

மற்றவர்கள் போனபின் என்னிடம் சொன்னார். அவருடைய தாய், நோர்வே மொழி மட்டுமே பேசவேண்டிய விடுதிப் பள்ளியில் சாமி மொழி பேசித் தண்டனை வாங்கியவர். பெற்ற பிள்ளைகளிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஏரிக்கரையில் தன் தங்கையோடு மீன் துப்புரவாக்கும்போது மட்டும் முணுமுணுப்பாராம். மகளான இவர் ஒளித்து நின்று பொறுக்கியது அந்தச் சொல். அதை அன்று நீல மீனில் எழுதினார். "அடுத்த கிழமை அம்மா கண் காட்ட ஒஸ்லோ வாறா. இஞ்சையும் வருவா. கண்டால் கோவிப்பா. கழட்டட்டோ?"

"இருக்கட்டும் விடுங்கோ" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான்.

தாய் வந்தார். மீனை உற்றுப் பார்த்தார், கண் மங்கலில் எழுத்துப் பிடிபடவில்லை. பள்ளியில் படிப்பித்தது நோர்வே மொழி மட்டும் என்பதால், தன் மொழியை எழுத்தில் கண்டு பழக்கமுமில்லை. ஆகவே மகள் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னார்.

கிழவி கோபிக்கவில்லை. முதலில் திரும்பிக் கதவைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று. பிறகு மகளின் கையைப் பிடித்து அந்தச் சொல்லை மெல்லத் திருப்பிச் சொன்னார். பின்பு நிறுத்தாமல் என்னென்னவோ பேசினார். மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை; விளங்காமலே அழுதார். மேசை துடைத்த துணியோடு நானும் அழுதேன்.

இப்போது ஒஸ்லோவிலேயே ஹவுகன்ஸ்டுவாவில் இன்னொரு முன்பள்ளியில் வேலை. பெப்ரவரியில் சாமி மக்கள் நாளுக்கு மீன் வெட்டுகிறேன். வால் இன்னும் கோணல்தான். எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள் "குவொல்லி, குவொல்லி" என்று கூரை பறக்கக் கத்துகிறார்கள். ஒருவரும் கதவைத் திரும்பிப் பார்ப்பதில்லை.