சாத்திய கதவுக்குள் ஓர் இலை

தலைநகரில், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அம்சவேணி சாப்பாட்டுக்குப் பேர்போனவள். அமைச்சகத்தில் டைப்பிஸ்ட் வேலை. ஆனால் செக்‌ஷனில் அவளைக் கொண்டாடியது டைப்பிங்குக்காக அல்ல, டிபன் பாக்ஸுக்காக. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து ஒரு பிடி பிடிப்பாள். "நல்லா சாப்பிடுறதுக்கு என்னங்க வெக்கம்?" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு இரண்டாயிரத்து ஒன்றில் மார்பில் புற்றுநோய் வந்தது. கீமோ ஆரம்பித்ததும் சோறு என்றாலே குமட்டல். கொடுமை என்றால் இதுதான்.

உடம்பு கரைந்துகொண்டே போனது. சர்தார் டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கானா பீ தவாயி ஹை, மாதாஜி" என்றார். சாப்பாடும் மருந்துதான். இன்னும் இளைத்தால் அடுத்த கீமோவை உடம்பு தாங்காது, தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றார்.

அவள் கணவர் இராஜமாணிக்கம் வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷர். அவர்தான் அடுக்களைக்குள் நுழைந்தார். பாவம், அவள் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சூடான சோற்றின் வாசனை வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள், எல்லாவற்றையும் ஆறவைத்தார். எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டால் வாயெல்லாம் துரு ருசி என்றாள், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அலைந்து வாழையிலை வாங்கிவந்தார். யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் இறங்கவில்லை என்றும் ஒருநாள் சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையில் அவளை உட்காரவைத்து இலை போட்டார். சோறு, அவித்த முட்டை, கெட்டித் தயிர், கீரை, பருப்பு வடை, மீன் குழம்பு. அவளுக்குப் பிடித்தது ஒன்று விடவில்லை. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"ஜல்தி இல்ல வேணி. தோடா தோடா, கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடு. நான் பார்க்கல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தச் சத்தம் கேட்டதும் அவள் சுவரில் மாட்டியிருந்த மாமியார் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வருஷா வருஷம் மாமியாரின் நினைவு நாளில் இதே அறையில் அவர்கள் செய்வது இதுதான். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலையில் படைத்து, வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் இலை போட்டது போட்டபடி இருக்கும். விழுந்து கும்பிடுவார்கள்.

சுவரில் படத்திலிருந்து மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்துட்டியா என்று கேட்பது போலிருந்தது. அப்படியானால் நானும் போய்ச் சேர்ந்துவிட்டேனா? கை இலைக்குப் போகவே மாட்டேன் என்றது. எழுந்து ஓடிவிடலாம். ஆனால் தொடாத இலையை அவர் வந்து பார்ப்பாரே. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே சாவைக் கண்டு பயம் வந்தது.

முட்டையைப் பிட்டு வாயில் போட்டாள். மண். தண்ணீரை ஊற்றி விழுங்கினாள். எதுக்களித்துக்கொண்டு வந்ததை வாயைப் பொத்தி அடக்கிவிட்டு இன்னொரு வாய் வைத்தாள். தயிரைச் சோற்றில் கொட்டிப் பிசைந்தாள். குழம்பு கீரை மேல் ஓடியது. வடையைக் கடித்து மிச்சத்தை இலையிலேயே போட்டாள். கண்ணில் நீர் வழிய வழிய, யாரோடோ சண்டை போடுகிறவள் மாதிரி தின்றாள்.

வெகுநேரமாகியும் கதவு திறக்கவில்லை. அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தாள்.

இராஜமாணிக்கம் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி இலையைத்தான் பார்த்தார். பார்த்ததும் பெரிய மனுஷர் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார்.

"சாத்தினப்புறம்தான் எனக்கே உறைச்சுது. திறக்கக் கை வரல, வேணி."

"உள்ள வாங்க" என்று அவள் எச்சில் கையாலேயே அவரைப் பிடித்து இழுத்து இலை முன்னால் உட்காரவைத்தாள். "மிச்சத்த நீங்க சாப்பிடுங்க. படையல் இல்லங்க, என் எச்சில்."