செர்வா பிரிண்டர் வாங்கிய நாள்

செர்வாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். கடல், நாய், இடி, ஆஸ்பத்திரி வாசனை, தெரியாத எண்ணிலிருந்து வரும் போன். நாற்பத்தெட்டு வயதாகியும் லிஃப்டில் ஏறமாட்டாள். குமாசி நகரத்தில் அவள் கடையில் வேலை பார்க்கும் பையன் அம்போன்சா, "எங்க அக்கா நிழலைப் பார்த்தாக்கூட வணக்கம் சொல்லிட்டுத்தான் தாண்டுவாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மூட்டுவலிக்காரர்கள் வலியோடு நடமாடுவது மாதிரி, பயத்தோடேயே இருபது வருடம் தொழில் நடத்திவிட்டாள்.

சாவுதான் தொழில். யாராவது இறந்தால் ஒரு வாரச் சடங்குக்கு ஒரு பேனர், அடக்கத்துக்கு ஒரு பேனர், அடுத்த வருட நினைவு நாளுக்கு ஒன்று. இறந்தவரின் படத்தைத் துலக்கி, உறவுகளின் பெயர்களை வரிசைப்படுத்துவது செர்வாவின் வேலை. மூத்த மனைவியின் பெயர் மேலே, இளையவளுடையது கீழே; இதில் பிசகினால் அடிதடிதான். அச்சடிப்பது மட்டும் பக்கத்துத் தெருவில் இன்னொருவருடைய மெஷினில்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த மெஷின் ஒரு பெரியவரின் நெற்றி, கண், மூக்கு வரை அச்சடித்திருந்தபோது கரண்ட் போயிற்று. இங்க் பீய்ச்சும் ஹெட், நடுவழியில் நின்ற இடத்திலேயே இரவெல்லாம் காய்ந்து செத்தது. சனிக்கிழமை விடியும்போது உடல் வீட்டுக்கு வந்துவிட்டது. துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய உறவுக்கூட்டம் செர்வாவின் கடை வாசலில் வந்து நின்றது. ஒருவரும் கத்தவில்லை. பெரியவரின் தமக்கை மட்டும் அரைகுறை ஃப்ளெக்ஸைத் தடவிப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க தம்பிக்கு வாய் எங்கம்மா?"

குளிக்கும்போதும் சர்ச்சில் பாடும்போதும் அந்தக் கேள்வி செர்வாவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் அந்தத் தெருவில் யாரும் தங்கள் சாவை அவளிடம் கொண்டுவரமாட்டார்கள். அதனால்தான் சொந்தமாக ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தாள். கரண்ட் போனாலும் பிழைத்துக்கொள்கிற மெஷின் வேண்டும். கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் காணும். தப்பாக ஒன்றை வாங்கிவிட்டு மறுபடி வாங்க வழியில்லை.

தேமா துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வந்த பழைய மெஷின்களை விற்கும் லார்யேயின் தகரக் கொட்டகையில் இரண்டு நின்றன. ஒன்று பத்தடி அகலம், வெள்ளையாகப் பளபளவென்று இருந்தது. மற்றது ஆறடி, பக்கமெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது.

"பெருசைப் பாருங்க மேடம். மூணு பேனரை ஒரே ஓட்டத்துல அடிச்சுத் தள்ளும். செத்தவங்க உங்க கடைக்கு க்யூவுல வந்து நிப்பாங்க" என்றான் லார்யே.

அம்போன்சா அதற்குள் பெரியதின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கணும்" என்றாள் செர்வா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"எங்க ஊர்ல கரண்ட் சொல்லிட்டா போகுது? பாதியில பிடுங்கி, கால் மணி நேரம் கழிச்சுப் போட்டுப் பார்க்கணும்."

லார்யே கொட்டகை அதிரச் சிரித்தான். "மாப்பிள்ளை பார்க்க வந்துட்டு, செத்தா எப்படிக் கிடப்பான்னு பார்க்கணுமாம்! குமாசிக்காரங்களே தனி ரகம். சரி, பிடுங்குங்க. ஆனா ஹெட் போச்சுன்னா மெஷின் உங்களோடது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

அம்போன்சா அவள் காதருகே குனிந்தான். "வேணாங்க்கா. செத்த மெஷினைத் தூக்கிட்டு ஊருக்குப் போறதா?"

செர்வா லார்யேயைப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் எப்போது நகர்ந்தானோ, சுவரிலிருந்த பெரியதின் பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான். கட்டைவிரல் கால்சட்டைத் தையலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தேய்க்கிற விரலை அவளுக்குத் தெரியும். அவளுடைய ஒரு பாவாடைக்கும் தையல் ஒழுங்காக இருந்ததில்லை.

"சின்னதுக்கும் இதே பேச்சுதானா அண்ணே?"

"அந்தக் கிழத்துக்கா? பிடுங்குங்க, மிதிச்சுக்கூடப் பாருங்க. எனக்கென்ன." சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்விட்டான்.

அம்போன்சாவிடம் சின்னதை ஓட்டச் சொன்னாள். ஃப்ளெக்ஸ் ஒரு முழம் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பிளக்கை இழுத்தாள். சத்தம் அடங்கியது. அம்போன்சா ஹெட்டைக் கையால் தள்ளி, ஓரத்தில் அது உலராமல் மூடிவைக்கும் இடத்தில் சேர்த்தான். வழுக்கிக்கொண்டு போனது.

அந்தக் கால் மணி நேரம்தான் மோசம். தகரம் தகித்தது. அம்போன்சா வாங்கி வந்த கெங்கே என்ற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் தொடாமலே ஆறின. லார்யேயிடம் தான் கண்டது பயமே இல்லையோ? கிழட்டு மெஷினைத் தள்ளிவிட அவன் போட்ட நாடகமோ? பிழைக்கத் தெரிந்தவன் பயப்படுவது போல் நடிக்கமாட்டானா?

பிளக்கைப் போட்டார்கள். மெஷினில் விளக்கு எரியவில்லை. பிறகு உள்ளே எதுவோ 'டக்' என்றது.

ஹெட்டில் அடைப்பு உண்டா என்று காட்டும் சோதனைக் கோடுகள் சீப்புப் பற்கள் மாதிரி வந்தன. அம்போன்சா போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். "கறுப்பு சரி. நீலம், மஞ்சள் சரி. சிவப்புல ஒரு கோடு இல்லக்கா."

"இப்ப போனதா, முன்னாடியே இல்லாததா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடுங்குவதற்கு முன் கோடு எடுக்கவே மறந்திருந்தார்கள்.

செர்வா மறுபடி பிளக்கைப் பிடித்தாள். "இன்னொரு தடவை பிடுங்கணும்."

"கொல்லாம விடமாட்டீங்களா?" லார்யே நாற்காலியை விட்டு எழவில்லை.

இன்னொரு கால் மணி நேரம். அவள் வாசலில் போய் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். காகிதம் வெளியே வந்ததும் அம்போன்சாவிடமிருந்து பிடுங்கிக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள்.

சிவப்பில் ஒன்று குறைந்தது. அதே ஒன்றுதான். புதிதாக எதுவும் போகவில்லை.

"இதை வண்டியில ஏத்தச் சொல்லுங்க" என்றாள்.

"பெருசை ஒரு தடவையாவது பிடுங்கிப் பார்த்திருக்கலாமே மேடம்?" என்றான் லார்யே.

"எனக்குப் பயமா இருந்துச்சுண்ணே" என்றாள் செர்வா. "உங்களுக்கும்தான்."

லார்யே சுமை தூக்குகிறவர்களைக் கூப்பிட வெளியே போனான்.