டானிக் மூடியில் ஓர் அளவு

பஞ்சுவின் நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கத்தி கன்னத்தில் பட்டதா இல்லையா என்று யோசிப்பதற்குள் சவரம் முடிந்துவிடும் என்பதால் வந்த பெயர் அது. என் மருந்துக்கடைக்கு அடுத்த கடை அவனுடைய மாமாவின் சலூன். மாமா என்றால் அக்கா புருஷன். இரண்டு சுழல் நாற்காலிகள், எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள், காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. மாமாவின் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் பெஞ்சில் இருப்பவர்கள் அசைய மாட்டார்கள். பஞ்சுவுக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பார்கள். மாமா அதை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கூட்டம் தன் கடையில் இருந்தால் போதும் அவருக்கு.

அப்படிப்பட்ட கைக்காரனால் காலையில் ஒரு தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்க முடியாது. முதல் நாள் குடித்தது இறங்கிய பிறகு, அடுத்தது உள்ளே போகும்வரை கை நடுங்கிக்கொண்டே இருக்கும். போனதும் நின்றுவிடும். கடையைத் திறந்ததும் மாமா அலமாரியின் கீழ்த்தட்டில், டவல் அடுக்குக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுப்பார். இருமல் டானிக்கோடு வருகிற பிளாஸ்டிக் மூடியில் கோடு பார்த்து ஊற்றுவார். அந்த மூடி என் கடையிலிருந்து போனதுதான். பஞ்சு சுவர்ப்பக்கம் திரும்பி ஒரே மடக்கில் விழுங்குவான். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டிப் பார்ப்பான். மாமாவும் பார்ப்பார். நடுக்கம் நின்ற பிறகுதான் முதல் ஆளைக் கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு மூடி. கடை மூடிய பிறகு அளவு கிளவு எதுவும் கிடையாது. அது பஞ்சுவின் சொந்த விவகாரம்.

குடி ஒரு நோயா என்பதைப் பற்றி எங்கள் தெருவில் அபிப்பிராயம் இல்லாதவர் கிடையாது. என் கடையில் மாத்திரை இருந்தால் அது நோய், இல்லாவிட்டால் திமிர். இவர்களின் மருத்துவ அறிவு அவ்வளவுதான். மாமாவிடம் பேச்சே எடுக்க முடியாது. நோயாவது மண்ணாவது, எல்லாம் கொழுப்பு என்பார். சர்க்கரை வியாதிக்காரன் எவனாவது சர்க்கரையைத் தேடிக்கொண்டு சந்து சந்தாகப் போகிறானா என்று என்னையே மடக்குவார். போகிறார்கள், இனிப்புக்கடையிலிருந்து நேராக என் கடைக்குத்தான் வருகிறார்கள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

அக்கா சொல்வது வேறு. அவளுடைய அப்பா குடித்துக் குடித்தே போனவர், சித்தப்பாவும் அப்படியே. எங்கள் வீட்டு ரத்தத்தில் இருக்கிறது என்பாள். அப்படியென்றால் உன் ரத்தத்தில் ஏன் இல்லை என்று மாமா ஒருநாள் கேட்டார். நான் குடித்துப் பார்த்ததே இல்லையே, இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றாள்.

இந்த வழக்கில் பஞ்சு எந்தப் பக்கமும் சாட்சி சொன்னதில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே தெரியாதவன்போல் கத்தரிக்கோலிலிருந்து முடியை ஊதித் தள்ளிக்கொண்டிருப்பான். அக்கா வீட்டின் பின்னறையில் இருந்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவனே தட்டிக் கழித்துவிட்டான். ஒருத்தி வாழ்க்கையைக் கெடுக்கவா என்று அக்காவிடம் ஒரு தடவை சொன்னானாம்.

பிறகு அவன் கண்ணில் மஞ்சள் தட்டியது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தத்தைச் சோதித்தார். ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது, இப்படியே குடித்தால் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்கா அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் மாமா கடையில் வைத்தே அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்பளையா இருந்தா நாளையிலேருந்து நிறுத்துடா பாப்போம்."

பஞ்சு நிறுத்தினான். சத்தியமாக நிறுத்தினான். மறுநாள் மூடியை நீட்டாத மாமாவையும் அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நடுங்குகிற கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெஞ்சு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த நாள் மதியம், பெருக்கிய முடியை அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். வலிப்பு. சத்தம் கேட்டு நான் ஓடியபோது அவன் கால்கள் நாற்காலியின் அடித்தகட்டில் மோதி மோதித் துடித்துக்கொண்டிருந்தன. ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கியதும் ஆட்டோவில் ஏற்றினோம். வழியெல்லாம் மாமா அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு, ஒரே போடாக நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் வைத்து, மாத்திரை கொடுத்து, மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். இது நோய், வீம்புக்கு நிறுத்துகிற சமாசாரம் இல்லை என்று மாமாவைப் பார்த்தே சொன்னார். மாமா வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"குடிச்சா வியாதி வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். குடிக்காம இருந்ததுக்கு வியாதியாப்பா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் முகத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது.

பஞ்சு வார்டில் கிடந்த நாளெல்லாம் மாமா வாடிக்கைக்காரர்களிடம் அவன் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னார். ஒருவரிடம் உறவுக்காரர் கல்யாணம், இன்னொருவரிடம் நிலத்தகராறு. இருவரும் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. நோய் என்றால் சொல்ல என்ன கூச்சம், கொழுப்பு என்றால் மறைக்க என்ன அவசியம்? எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பி வந்த பஞ்சு பாதியாக இளைத்திருந்தான். கண் தெளிந்திருந்தது. பழைய நடுக்கம் போய்விட்டது. ஆனால் கத்தியைப் பிடித்தால் மட்டும் முனையில் ஒரு சின்ன ஆட்டம். போகப்போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை டவல் துவைத்தான், பிரஷ் கழுவினான், கண்ணாடி துடைத்தான், கத்தரியால் முடி மட்டும் வெட்டினான். சவரத்துக்கு வந்தவர்கள் எதிர்ச்சாரி சலூனுக்கு நழுவ ஆரம்பித்தார்கள். மாத்திரை வாங்க வந்தபோது பஞ்சு என்னிடம் சொன்னான்.

"சாவுக்கெல்லாம் நான் பயப்படலண்ணே. கத்தி பிடிக்க முடியலன்னா மறுபடியும் அதுக்கே போயிடுவேன். அதான் பயமா இருக்கு."

ஒரு விடுமுறை நாள் காலை. பெஞ்சு நிறைந்திருந்தது. நானும் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். பஸ் கண்டக்டர் ஒருவர், பழைய வாடிக்கை, பஞ்சுவின் நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தூக்கிக் காட்டினார். பஞ்சு நுரை போட்டான். பிளேடு மாற்றினான். கத்தியைக் காதோரம் கொண்டு போனான், நிறுத்தினான், மறுபடி கொண்டு போனான். கண்ணாடியில் அதைப் பார்த்த கண்டக்டர் துண்டை எடுத்து நுரையைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்து பெஞ்சுக்கு வந்துவிட்டார். பெஞ்சில் இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள்.

மாமா விறுவிறுவென்று அலமாரிக்குப் போனார். டவல் அடுக்குக்குப் பின்னால் கையை விட்டார். அந்தப் பாட்டில் இன்னும் அங்கேயே இருந்தது. மூடியில் கோடு பார்த்து ஊற்றிக்கொண்டு வந்து பஞ்சுவின் முன்னால் நீட்டினார்.

"இந்த ஒரு தடவை மட்டும் மாப்ள. கை நிக்கணும்ல. மருந்துன்னு நினைச்சுக்கோ."

அந்த வாடை பெஞ்சு வரைக்கும் வந்தது. பஞ்சுவின் கை மூடியை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. எழுந்து போய்த் தட்டிவிடலாமா என்று எனக்குப் பதறியது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நோயே இல்லன்னுதானே சொன்னீங்க மாமா. அப்புறம் மருந்து எதுக்கு?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே பதில் வேண்டும் என்று கேட்டான்.

மாமா கையிலிருந்த மூடியை யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி பார்த்தார். தொட்டியில் கவிழ்த்தார். பாட்டிலையும் எடுத்துவந்து கவிழ்த்து, வாடை போகும்வரை குழாயைத் திறந்துவிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பஞ்சுவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தன் முகத்தில் வேறொருவர் கத்தி வைக்க விட்டதே இல்லை அந்த மனுஷர்.

"எனக்குப் போடு" என்று தலையைப் பின்னால் சாய்த்தார்.

பஞ்சு துணி கட்டினான். நுரை போட்டான். இடது கை விரலால் தோலை இழுத்துப் பிடித்து, சுண்டுவிரலைத் தாடையில் ஊன்றிக்கொண்டு, காதோரத்திலிருந்து இறங்கினான். மெதுவாகப் போனது. கன்னத்தில் ஓரிடத்தில் ரத்தம் துளிர்த்தது. படிகாரத்தை ஒற்றிவிட்டுத் தொடர்ந்தான். மாமா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கழுத்துக்கு வந்தபோது கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, ஊருக்குப் போயிட்டு வந்தவனுக்கு எப்படிக் கை நடுங்குது?"

மாமா தலையைத் திருப்பவில்லை. கூரையைப் பார்த்தபடியே பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஊருக்கெல்லாம் போகல. குடிச்சுக் குடிச்சு உடம்பு கெட்டு ஆஸ்பத்திரில கிடந்தான். சாகப் பொழைக்கக் கிடந்தான். இப்பத்தான் தேறி எந்திரிச்சு வந்திருக்கான், அதுக்குள்ள..."

பஞ்சு கத்தியை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்தான்.

"பேசாதீங்க மாமா. கழுத்துல கத்தி வெச்சிருக்கேன்."

மாமா தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.