திரையில் ஒரு பச்சைப் புண்

கூத்தாநல்லூரில் பதினெட்டு வருஷம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேன். சர்வீஸும் நானேதான். புதிதாகக் கடை வைக்கும் பெண்கள் யோசனை கேட்டு வந்தால், பர்வீனின் இன்டர்வியூவைத்தான் முதலில் சொல்வேன்.

பர்வீன் திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. மொபைல் கூடாது, கேமரா வைத்த கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று மெயிலில் போட்டிருந்தார்கள். போன தடவை பாதியில் வீடியோ கால் கட்டாகி, அவளை அவர்கள் திரும்பக் கூப்பிடவே இல்லை.

"அக்கா, இந்தத் தடவ கட்டாகாதுல்ல?" என்று நாலு தடவை கேட்டாள்.

"ஆகாது" என்று நாலு தடவையும் சொன்னேன்.

என்னிடம் இருந்த ஐந்து மெஷினில் ஒன்றில்தான் கேமரா. அதுதான் இருப்பதிலேயே பழசு. பிரவுசர் அப்டேட் ஆனதிலிருந்து அதில் வீடியோ சில சமயம் பச்சை அடித்தது. மார்க் ஷீட் எடுக்க வருகிறவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. நானும் அப்படியே விட்டுவிட்டேன். பர்வீனிடம் சொல்லவில்லை.

இன்டர்வியூ காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. நான் கேமராவில் விழாமல் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தேன். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் ஒரு அம்மா, இங்கிலீஷில் கேள்வி கேட்டார். அவர் முகம் பச்சையாக இருந்தது. பர்வீன் காட்டிக்கொள்ளாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் திரையில் ஒரு காயத்தின் படத்தைக் காட்டினார். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆனது. கசிவு என்ன நிறம், என்ன செய்வாய் என்று கேள்வி. காயம் பச்சை, கட்டுத்துணி பச்சை, அதைப் பிடித்திருந்த கையும் பச்சை.

பச்சைக் கசிவு என்றால் தொற்று, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று பிறகு எனக்கு விளக்கினாள். ஆனால் அப்போது அவள் இங்கிலீஷில் சொன்னது வேறு.

"மேடம், என் ஸ்கிரீன்ல உங்க முகமும் பச்சையாத்தான் தெரியுது. இத வச்சு நிறம் சொல்ல முடியாது."

அந்த அம்மா கேள்வியை நிறுத்திவிட்டுக் கேமராவைப் பார்த்தார்.

நான் குனிந்து சொன்னேன்: "சரி பண்ணிடலாம். ஆனா பிரவுசர மூடித் திறக்கணும். கால் கட்டாகும்."

பர்வீன் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரும்பி, இரண்டு நிமிஷம் கேட்டாள். அந்த அம்மா வாட்ச்சைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

திரையில் இருந்த பட்டன்களெல்லாம் சரியான நிறத்தில் இருந்தன, வீடியோ மட்டும்தான் பச்சை. அதனால் கோளாறு மானிட்டரில் இல்லை. வீடியோவைத் திரையில் காட்டும் வேலையைப் பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுத்திருந்தது. பழைய சிப்புக்கு நிறம் குழம்பிவிட்டது. செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் என்ற அந்த ஏற்பாட்டை ஆஃப் செய்தேன். இனி அந்த வேலை பிராசஸருக்கு. மெதுவாகத்தான் செய்யும்.

பிரவுசரைத் திறந்து லிங்க்கை அழுத்தினேன். காத்திருக்கச் சொன்னது. ஃபேன் அறுவடை மெஷின் மாதிரி இரைந்தது. பர்வீன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். நான் எத்தனை நிமிஷம் ஆனது என்று பார்க்கவில்லை.

உள்ளே விட்டார்கள். அந்த அம்மாவின் முகம் விட்டு விட்டு அசைந்தது, ஆனால் மனுஷ நிறத்தில் இருந்தது. காயத்தின் கசிவு வெளிர் சிவப்பு. இந்த நாளில் இது சாதாரணம், அளவைக் குறித்துக்கொண்டு கட்டு மாற்றுவேன் என்றாள் பர்வீன்.

முடிந்ததும் அவளிடம் சொன்னேன்: "இந்தக் கோளாறு எனக்கு முன்னாடியே தெரியும் பர்வீன். சொல்லியிருக்கணும்."

"நானும் அந்தம்மா மூஞ்சியப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும்க்கா. திரும்பக் கட்டாயிடுமோன்னு பயந்துட்டேன். ஆனா காயத்தக் காட்டுனதுக்கப்புறம் எப்படி சும்மா இருக்கறது?"

மூணு வாரத்தில் ஆர்டர் வந்தது. விசா, பெட்டி, எல்லாம் ஆகி அவள் போய்விட்டாள்.

மெஷின் பழசாக இருப்பது தப்பில்லை. அதால் என்ன முடியாது என்று தெரிந்தும், உட்காருகிறவரிடம் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. அன்றைக்கே அந்த மானிட்டரின் மேல் ஒரு காகிதம் ஒட்டினேன்: 'இதில் வீடியோ மெதுவாக ஓடும். நிறம் சரியாக இருக்கும்.'